முதல்ல தண்ணியில இறக்குங்கோ, பிறகு விலையைச் சொல்லுங்கோ

நாவலையும் படத்தையும் விமர்சிக்கிற இடத்தில தண்ணிச் சறுக்குப் பலகையைப் பற்றி என்ன கதை என்று சிலர் கேட்கப்போகினம். கேளுங்கோ. ஒருத்தர் சுவரொட்டியை மட்டும் பார்த்துவிட்டு ஒரு படத்தை விமர்சித்தால் நாங்கள் சிரிப்போம். பின்னட்டையை மட்டும் வாசித்துவிட்டு ஒரு நாவலைத் தூக்கிப் பிடித்தால் ஆளைப் பிடித்து உலுப்புவோம். ஆனால் ஸ்லாலம் ஸ்கீ என்கிற ஒற்றைப் பலகையையும், அதில காலைப் பூட்டுகிற பைண்டிங்கையும் கனபேர் இன்றைக்கும் அப்படித்தான் வாங்கினம். படம், நிறம், எடை அட்டவணை, எந்தச் சம்பியன் எதில ஓடுறார் என்கிற ஒரு வரி. அவ்வளவுதான். பெட்டி வந்து சேருது. தண்ணியில இறங்கின பிறகுதான் தெரியுது தன்ர காலுக்கும் அந்தப் பலகைக்கும் ஒத்துவராது என்று.

எங்கட வாதத்தை ஒளிக்காமல் முன்னுக்கே வைக்கிறோம். தண்ணியில ஏறிப் பார்க்காத ஸ்கீயை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. காசு இருக்கிற ஆள் நாலு ஸ்கீயில ஏறிப் பார்த்து ஒன்றை வாங்குகிறார். காசு இல்லாத ஆள் ஒன்றை வாங்கிவிட்டுத்தான் ஏறிப் பார்க்கிறார். பிழைத்தால் தாங்கமுடியாத ஆளிடம்தான் பிழைக்கிற சந்தர்ப்பம் முழுதும் போய்ச் சேருது. இதை ஒரு விளையாட்டின் இயல்பு என்று ஏற்க நாங்கள் தயாரில்லை.

முதலில் விளையாட்டை விளங்கிக்கொள்வோம். படகு நேர்கோட்டில ஓடும். பின்னால கயிற்றைப் பிடித்தபடி ஒற்றைப் பலகையில நிற்கிற ஆள் இடமும் வலமுமாக வெட்டி வெட்டி ஆறு மிதவைகளைச் சுற்றிவர வேண்டும். போட்டிப் பாதையின் நீளம் 259 மீற்றர். ஒவ்வொரு மிதவையும் படகு போகிற நடுக்கோட்டிலிருந்து 11.5 மீற்றர் தள்ளி நிற்கும். ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீற்றர், பெண்களுக்கு 55. 58இல போனால் முழுப் பாதையும் 16 செக்கன் அளவில முடிந்துவிடும். உச்ச வேகத்தில ஆறு மிதவையையும் சுற்றி முடித்தால் அடுத்தமுறை கயிற்றைக் குறைப்பினம்: 18.25 மீற்றர், 16, 14.25, 13, 12, 11.25. அந்தக் கடைசி எண்ணை ஒருக்காத் திரும்ப வாசியுங்கோ. மிதவை 11.5 மீற்றர் தள்ளி நிற்குது, கயிறோ 11.25 மீற்றர்தான். மிச்சத்தை உடம்பைச் சரித்து, கையை நீட்டித்தான் எட்டவேண்டும். அதற்குப் பிறகும் 10.75, 10.25, 9.75 என்று குறைத்துக்கொண்டே போகினம்.

இந்தக் கடைசி மீற்றர்களில விளையாடுகிற ஆக்கள் உலகத்தில மிகக் கொஞ்சம். ஆனால் கடையின் மேல்தட்டில இருக்கிற, விளம்பரத்தில மினுங்குகிற ஸ்கீ அவர்களை நினைத்துச் செய்யப்பட்டது. இறுக்கமான காபன் நார், ஒடுங்கின உடல், வேகம் இருந்தால் மட்டும் பதில் சொல்கிற அடிப்பக்கம். அதே ஸ்கீயை 45 கிலோமீற்றர் வேகத்தில, முழு நீளக் கயிற்றில, இப்பதான் இரண்டு பலகையிலிருந்து ஒற்றைக்கு மாறின ஒரு ஆளுக்கு விற்கினம். அந்த ஆளுக்குத் தேவை அகலமான, கூடுதல் பரப்புள்ள பலகை. அது குறைந்த வேகத்திலும் தண்ணிக்கு மேல ஆளைத் தூக்கி நிறுத்தும், ஆழத் தண்ணியிலிருந்து எழும்பவும் லேசு. விலையும் குறைவு. விலை குறைவு என்பதாலதான் அதைப் பற்றி ஒருத்தரும் சத்தம் போட்டுக் கதைக்கிறேல்ல என்று நாங்கள் சந்தேகப்படுகிறோம்.

இந்த விளையாட்டு தொடங்கின விதத்தைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் இன்னும் கூடுது. 1922இல அமெரிக்காவின் மினசோட்டாவில, பெப்பின் ஏரியில, ரால்ஃப் சாமுவேல்சன் என்கிற 18 வயதுப் பொடியன் தண்ணிக்கு மேல நின்று போகலாமா என்று பார்க்க வெளிக்கிட்டான். முதலில பீப்பாய்ப் பலகை. சரிவரேல்ல. பிறகு பனிச்சறுக்குப் பலகை. அதுவும் சரிவரேல்ல. கடைசியில மரக்காலையில 8 அடி நீளப் பைன் பலகை இரண்டு வாங்கி, நுனியைக் கொதிதண்ணியில அவித்து மேல்நோக்கி வளைத்து, தோல் வாரால காலைச் செருக ஒரு பிடி அடித்தான். சகோதரன் படகை ஓட்ட, எத்தனையோ தரம் விழுந்து, யூலை 2ஆந் திகதி எழும்பி நின்றான். மூன்று வகைப் பலகையையும் தன்ர காலால, தன்ர ஏரியில சோதித்துத்தான் ஒன்றைத் தேர்ந்தான். பைண்டிங் என்ற சாமானும் அன்றைக்கே அந்தத் தோல் வாரோட பிறந்துவிட்டது. அவன் காப்புரிமை எடுக்கவில்லை. 1925இல தண்ணிச் சறுக்குப் பலகைக்குக் காப்புரிமை எடுத்தவர் ஃபிரெட் வாலர் என்கிற இன்னொருவர். ஆக முதலில தண்ணி, பிறகு கடை என்பதுதான் இதன் வரிசை. நூறு வருசத்துக்குள்ள அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பேர் வைத்திருக்கினம்.

இனி, எடை அட்டவணை. ஒவ்வொரு ஸ்கீக்கும் ஒரு அட்டவணை இருக்கு: இத்தனை கிலோ நிறை, இத்தனை வேகம் என்றால் இத்தனை அங்குல நீளம். வளர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் 63 இலிருந்து 69 அங்குலத்துக்குள்ள வரும். அட்டவணையை நாங்கள் பழிக்கவில்லை. எது கட்டாயம் பொருந்தாது என்று அது சரியாகச் சொல்லும். 85 கிலோ ஆளை 64 அங்குலத்தில ஏற்றாதே என்று சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எது பொருந்தும் என்று அதால சொல்லேலாது. ஒரே நிறை, ஒரே உயரம் உள்ள இரண்டு பேரில ஒருவர் முன்காலில சாய்ந்து நிற்பார், மற்றவர் பின்காலில குந்துவார். ஒருவர் மிதவையில சட்டென்று திரும்ப ஆசைப்படுவார், மற்றவருக்கு அகலமான வட்டம்தான் வரும். பலகையின் அடிக்குழிவு, விளிம்புச் சரிவு, நுனிக்கும் வாலுக்கும் இடையிலான வளைவு, எவ்வளவு வளைந்து கொடுக்குது என்பது எல்லாம் அந்தப் பழக்கத்தோட சேர்ந்தால்தான் அர்த்தப்படும். அட்டவணைக்கு உங்கட பழக்கம் தெரியாது.

விற்கிறவர்களின் மதிப்புரைகள் இதைவிட மோசம். "நல்ல பிடி", "நம்பிக்கை தருது", "வேகத்தைத் தானாகப் பிறப்பிக்குது". எந்த ஸ்கீயின் பேரை வைத்தாலும் பொருந்துகிற வசனங்கள். எந்தப் படகு, எந்த ஓட்டி, எத்தனை மீற்றர் கயிறு, தண்ணி குளிரா சூடா, பின்செட்டை என்ன அளவில பூட்டப்பட்டிருந்தது என்று ஒரு சொல் இல்லை. ஸ்கீயின் வாலுக்கடியில இருக்கிற அந்தச் செட்டையின் நீளம், ஆழம், வாலிலிருந்து உள்ள தூரம் எல்லாவற்றையும் அளவுகோல் பிடித்து அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கினம். அந்தச் சின்ன மாற்றத்தையே திரும்புகிறபோது காலில உணரலாம் என்று விளையாடுகிறவர்களே சொல்லினம். அப்படியானால், செட்டை அளவைச் சொல்லாத ஒரு மதிப்புரையை எந்த மூஞ்சையோட வெளியிடுறது? அது எந்த ஸ்கீயைப் பற்றியது என்றே தெரியாதே.

ஏறிப் பார்ப்பதும் ஏமாற்றும் என்று இதற்குப் பதில் சொல்லுவினம். நியாயமான பதில். புதுச் ஸ்கீயில முதல் ஓட்டம் பொய் சொல்லும். சிலவேளை புதுசு என்ற உற்சாகத்திலேயே ஆள் நல்லா ஓடுவார். சிலவேளை பழக்கமில்லாததால நல்ல பலகையிலும் தடுமாறுவார். அதற்காகச் சோதனையைக் கைவிடுவதா? சோதனையை ஒழுங்காகச் செய்யவேண்டும். ஒழுங்கு என்று நாங்கள் சொல்வது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

ஒரே நாள், ஒரே படகு, ஒரே ஓட்டி, ஒரே கயிறு. முதலில உங்கட பழைய ஸ்கீயில ஒரு சுற்று, பிறகு புதியதில, பிறகு திரும்பப் பழையதில. இடையில பழையதுக்குத் திரும்பாத சோதனை சோதனையே இல்லை. ஏனென்றால் களைப்பும் காற்றும் இடையில மாறியிருக்கும். புதியதைத் தொழிற்சாலை சொன்ன செட்டை அளவில பூட்டி, அந்த அளவைத் தாளில எழுதி வைக்கவேண்டும். ஒரு நேரத்தில ஒன்றைத்தான் மாற்றவேண்டும். முடியுமென்றால் உங்கட பழைய பைண்டிங்கையே புதிய பலகையில மாட்டி ஓடவேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் புகழ்வது பலகையையா சப்பாத்தையா என்று உங்களுக்கே தெரியாது. ஒரு நாளில தீர்ப்புச் சொல்லாமல் குறைந்தது மூன்று நாலு தரம் தண்ணியில இறங்கவேண்டும். எத்தனை மிதவை சுற்றினேன் என்பதோட, ஓடி முடிய எந்தத் தசை நோகுது, கட்டாயம் விழவேண்டியிருந்த இடத்தில விழாமல் தப்பினேனா என்பதையும் எழுதி வைக்கவேண்டும். நல்ல நாளில எந்தப் பலகையும் நல்லா ஓடும். கூடாத நாளில எது உங்களைக் காப்பாற்றுது என்பதுதான் விசயம்.

வசதியான நாடுகளில இதற்கு ஏற்பாடு உண்டு. சில கடைகள் சோதனை ஸ்கீ என்று தனியாக வைத்து, ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு சில நாளைக்குத் தரும். வாங்கினால் அந்தக் கட்டணத்தை விலையில கழிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் யாருக்கு? ஏரிக்கரையில வீடோ கழகத்தில அங்கத்துவமோ படகோ இருக்கிறவருக்கு. எங்களில ஒருவரின் பெரியம்மா மகன் கனடாவில ஒன்ராறியோவில இருக்கிறார். கடையில ஏறினால் இன்னொருத்தரின் படகு, இன்னொருத்தரின் வாரக்கடைசி. அவருக்கு வேலை இரண்டு இடத்தில, கோடையோ சின்னது. அதனால பருவமுடிவு மலிவு விற்பனையில, படத்தைப் பார்த்து ஒன்றை எடுத்தார். அடுத்த கோடையில அதே பலகையைப் பாதி விலைக்குக் கொடுத்தார். அவரை முட்டாள் என்று சொல்லுகிற ஆள், அவருக்குச் சனிக்கிழமை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பைண்டிங்குக்கு வருவோம். இங்கதான் எங்களுக்கு உண்மையான கோபம். பலகை பிழைத்தால் காசு போகும், மிதவை தவறும். பைண்டிங் பிழைத்தால் கணுக்கால் போகும். ஆனால் காசை ஒதுக்குகிறபோது எல்லாரும் பலகைக்குக் கொட்டிவிட்டு, மிச்சத்தில எது வருமோ அதைக் காலில பூட்டினம். இந்த வரிசையைத் தலைகீழாக்கவேண்டும் என்று சொல்கிறோம்: முதலில கால், பிறகு பலகை.

வகைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். பழைய முறை றப்பர்ச் சப்பாத்து. சவர்க்காரத் தண்ணி போட்டுக் காலை வழுக்கிச் செருகுவினம். விழுகிறபோது றப்பர் இழுபட்டுக் காலை விடவேண்டும். இன்னொரு முறை, உள்ளுக்குப் பஞ்சுறையும் வெளியில இறுகின ஓடும் உள்ள சப்பாத்து. அதில கால் கழராது, சப்பாத்தோ அது நிற்கிற தட்டோ பலகையிலிருந்து கழரவேண்டும். சிலதில வில்விசை உண்டு, எவ்வளவு பலத்தில கழரவேண்டும் என்று திருகி வைக்கலாம். சிலதில ஒன்றையொன்று கொளுவிப் பிடிக்கிற பிளாஸ்ரிக் பட்டைகள். பின்காலுக்கு இரண்டு வழி: முழுச் சப்பாத்து, அல்லது விரல்பக்கத்தை மட்டும் செருகுகிற திறந்த பட்டி. திறந்த பட்டியில, எழும்புகிறபோது பின்காலைத் தண்ணியில இழுபடவிட்டு, நின்ற பிறகு உள்ளே வைக்கலாம். ஒற்றைப் பலகை பழகுகிறவருக்கு அது பெரிய ஆறுதல். இரட்டைச் சப்பாத்தில பிடி கூட, ஆனால் அதற்கு ஒரு விதி: இரண்டு காலும் சேர்ந்து கழரவேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்து உள்ளேயே இருக்கவேண்டும். ஒன்று கழன்று மற்றது பூட்டினபடி நின்றால் முழுப் பலகையும் நெம்புகோலாக மாறி மிஞ்சின காலை முறுக்கும்.

இதை விளங்கின ஒருத்தர், முன்காலுக்கு ஒரு முறையும் பின்காலுக்கு வேறொரு முறையும் கலந்து மாட்டமுதல் பத்துத்தரம் யோசிப்பார். ஆனால் கடையில இதைச் சொல்லுகிற ஆள் எத்தனை பேர்? நிறம் பொருந்துது, எடை குறைவு, இந்த வருசத்து மாதிரி என்று சொல்லுவினம். வில்விசையை உங்கட நிறைக்கு ஏற்ற மாதிரி வைத்துத் தரையில ஒருக்காக் கழற்றிக் காட்டுங்கோ என்று கேட்டால் மூஞ்சை மாறும். கேளுங்கோ. மூஞ்சை மாறட்டும். தரையில நின்று முழங்காலை மடித்து முன்னுக்குச் சாயுங்கோ, குதி எழும்புதா? எழும்பினால் அந்தச் சப்பாத்து உங்களுக்கில்லை. பத்து நிமிசம் போட்டபடி நில்லுங்கோ, விரல் மரக்குதா? மரத்தால் அதுவும் இல்லை. இந்தச் சோதனைக்குப் படகு தேவையில்லை, பெற்றோல் தேவையில்லை. செய்யவிடாத கடையை நாங்கள் கடை என்று மதிக்கமாட்டோம்.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். மேல் மாகாணத்தையும் தென் மாகாணத்தையும் பிரிக்கிற பெந்தோட்டை ஆற்றில உல்லாசப் பயணிகளுக்காகத் தண்ணிச் சறுக்கு நடக்குது. போன விடுமுறையில நாங்கள் ஏழு பேர் காசு சேர்த்து அங்க ஒரு இடத்துக்குப் போனோம். பேரைச் சொல்லப்போறதில்லை, ஏனென்றால் பக்கத்து இடத்தில வேறுமாதிரி இருந்திருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. விலை பேசுகிறபோது கேட்டது இரண்டு கேள்வி: எத்தனை பேர், எத்தனை நிமிசம். கால் அளவை ஒருத்தரும் கேட்கவில்லை. நிறையைக் கேட்கவில்லை. நீந்தத் தெரியுமா என்று மூன்றாவது ஆளிடம்தான் கேட்டினம், அதுவும் உயிர்காப்பு ஜக்கெற்றைப் பூட்டின பிறகு. இருந்தது ஒரே அளவு றப்பர்ச் சப்பாத்து, பெரிய கால் வெள்ளைக்கார ஆம்பிளையளுக்கு எடுத்த அளவு. எங்களில இரண்டு பெண்களுக்குப் படகு இழுத்தவுடனே பலகை மட்டும் மிதந்து போச்சு, ஆக்கள் இருந்த இடத்திலேயே. இன்னொருவருக்கு விழுந்தபோது ஒரு கால் கழன்று மற்றது மாட்டிக்கொண்டது. மூன்று கிழமை கம்பஸ் படியேறக் கஷ்டப்பட்டார். சப்பாத்து அளவைப் பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில்: "இது எல்லாருக்கும் சரிவரும்."

எல்லாருக்கும் சரிவரும் என்கிற வசனத்தை எங்கட வயசில எல்லாரும் எத்தனை இடத்தில கேட்டிருப்பம்! ஒரு அளவை யாரோ ஒருவரின் உடம்பில எடுத்துவிட்டு, மிச்சப் பேரின் உடம்பில பிழை கண்டுபிடிக்கிற வசனம் அது. அந்த ஆற்றில எழும்பேலாமல் போன இரண்டு பெண்களிடமும் படகிலிருந்தவர் சொன்னது: "பெண் பிள்ளையளுக்குக் கையில பலம் காணாது." காலில சப்பாத்து நாலு விரல் பெரிசு என்பது அவருக்குத் தெரியேல்ல. பொருந்தாத சாமானைக் கொடுத்துவிட்டு ஆளை அளக்கிறதுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்களுக்குக் கிடைக்காது.

அங்க தண்ணிக்குள்ள நின்று எங்கட பலகையைப் பிடித்துத் தந்த பொடியன் ஒருவன் இருந்தான், எங்கட வயசுதான் இருக்கும். எங்கட அரைகுறைச் சிங்களத்தில அவனோட கதைத்தோம். எந்தக் கால் முன்னுக்கு வரவேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதுக்கு, இரண்டு பலகையில ஓடுகிறபோது ஒருக்கா வலதைத் தூக்கு, ஒருக்கா இடதைத் தூக்கு, எந்தக் காலில நிம்மதியாக நிற்கிறியோ அது முன்கால் என்றான். பெரிய ஆக்கள் எழுதுகிற வழிகாட்டிகளில இருக்கிற அதே பதில். பழைய பலகை வாங்கினால் என்ன பார்க்கவேண்டும் என்றும் சொன்னான்: முன்கால் மிதிக்கிற இடத்தைப் பெருவிரலால அமத்திப் பார், மெதுவாக இருந்தால் உள்ளுக்குப் பழுது. ஆணி இறங்குகிற துளையில பிடி இருக்கா என்று பார். தூக்கிப் பார், அளவுக்கு மிஞ்சிப் பாரமாக இருந்தால் உள்ளே தண்ணி ஊறியிருக்கு. விளிம்பில வெடிப்பு இருந்தால் தொடாதே. அவனே ஓடுவது யாரோ ஒரு பயணி விட்டுவிட்டுப் போன பழைய ஸ்கீயில, இரண்டு வேறு வேறு சப்பாத்தை வெட்டி ஒட்டின பைண்டிங்கில. தேர்வு பற்றி எங்களுக்கு ஒழுங்காகச் சொல்லித்தந்த ஒரே ஆள் அவன்தான். அவன் தன்ர வாழ்க்கையில ஒரு ஸ்கீயைக்கூடத் தேர்ந்தெடுத்ததில்லை.

மேல்தட்டுக் காபன் ஸ்கீ ஒன்று, பைண்டிங் இல்லாமலே, இப்ப 1,500 அமெரிக்க டொலரைத் தாண்டும். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் 450,000 ரூபா. வரியும் கப்பல் கூலியும் அதற்கு மேல. மஹாபொலக் காசில சேர்க்கிறதென்றால் பேரப்பிள்ளைதான் ஓடவேண்டிவரும். அந்தப் பொடியனின் நிலைமையும் பெரிய வித்தியாசமில்லை. ஆனபடியால, "திறமை இருந்தால் எந்தப் பலகையிலும் ஓடலாம்" என்று அவனைப் பார்த்துச் சொல்லுவினம். பாதி உண்மை. நல்லா ஓடத் தெரிந்தவர் மட்டமான பலகையிலும் எங்களைவிட நல்லா ஓடுவார்தான். ஆனால் அந்த வசனத்தைச் சொல்லுகிற ஆளின் காலில மட்டமான பலகை இருந்து நாங்கள் காணவில்லை.

"இது பணக்காரர் விளையாட்டு, கலைப்பீடத்துப் பிள்ளையளுக்கு இதில என்ன?" என்று கேட்கிற தோழர்களுக்கும் ஒரு சொல். பணக்காரர் விளையாட்டு என்று சொல்லி ஒதுங்கினால் அது பணக்காரர் கையிலேயே பத்திரமாக இருக்கும். பலகையும் கயிறும் படகும் உள்ள ஒரு விளையாட்டு, ஆறும் களப்பும் குளமும் நிறைந்த நாட்டில அந்நியமாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதை அந்நியமாக்குவது விலை மட்டும் என்றால் நாங்களும் பேசாமல் இருந்திருப்போம். ஆனால் விலையோட சேர்ந்து இன்னொன்றும் பூட்டி வைக்கப்பட்டிருக்கு: பிழைத்துப் பார்க்கிற உரிமை. ஒரு பலகையில ஏறி, இது எனக்குச் சரிவராது என்று இறங்கி, முகம் சுழிக்காமல் அடுத்ததைக் கேட்கிற உரிமை. நூலகம் எங்களுக்கு அந்த உரிமையைப் புத்தகத்தில தந்தது. பத்துப் பக்கம் வாசித்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்தோம், காசு போகவில்லை. எங்கட ரசனை வளர்ந்தது அப்படித்தான். வாங்கின புத்தகத்தை மட்டும் வாசித்திருந்தால் எங்களில பாதிப்பேர் இதை எழுதவே வந்திருக்கமாட்டோம்.

அதனால எங்கட கோரிக்கைகள் நூலகத்து மாதிரி எளிமையானவை. ஸ்கீ விற்கிற ஒவ்வொரு இடமும் தண்ணியில இறக்கிப் பார்க்கிற பலகைகளை வைக்கவேண்டும், படகில்லாதவருக்குப் படகோட. கழகங்கள் தங்கட அங்கத்தவர்களின் பழைய பலகைகளைத் தூசிபடவிடாமல், கால் அளவை மாற்றக்கூடிய பைண்டிங் பூட்டி, இரவல் கொடுக்கவேண்டும். மதிப்புரை எழுதுகிறவர்கள் படகு, கயிறு, வேகம், தண்ணி, செட்டை அளவு, தங்கட நிறை ஆகியவற்றைச் சொல்லாமல் ஒரு வரி எழுதக்கூடாது, ஸ்கீயை இனாமாக வாங்கியிருந்தால் அதையும் சொல்லவேண்டும். பெந்தோட்டையில படகு விடுகிறவர்கள் குறைந்தது மூன்று அளவுச் சப்பாத்து வைக்கவேண்டும், விலையைச் சொல்லமுதல் கால் அளவையும் நீச்சலையும் கேட்கவேண்டும். தண்ணிக்குள்ள நிற்கிற அந்தப் பொடியன் சொன்னால் ஓட்டத்தை நிறுத்தவேண்டும். பார்க்கிறவன் அவன்தான்.

நீங்கள் எங்கயாவது, எந்த நாட்டிலயாவது, ஒரு ஸ்கீ வாங்கப்போகிறீர்கள் என்றால் சம்பியனின் பேரைக் கேட்காதேங்கோ. மூன்று கேள்வி போதும். இதில எப்ப ஏறிப் பார்க்கலாம்? இந்தச் சப்பாத்து எந்தப் பலத்தில கழரும், இப்ப கழற்றிக் காட்டுவீங்களா? சரிவராவிட்டால் திருப்பி எடுப்பீங்களா? மூன்றுக்கும் ஆம் என்று வந்தால் பேரம் பேசத் தொடங்குங்கோ. ஒன்றுக்காவது மழுப்பினால் காசு உங்கட சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.